தூரப் போடு

ஆறு நாள் அடைமழை விட்ட மறுநாள்
பெயின்ட் வாளித் தக்காளியின்
அடி இலைகளில் வட்டம்.
வட்டத்துக்குள் வட்டம், அதற்குள் ஒரு கரும்புள்ளி,
கீழ்வீட்டுப் பையன்கள் பவுடர் தூவி ஆடும்
கேரம் போர்டின் நடுவைப் போல.
சுற்றிலும் மஞ்சள்.

ஏழு செடியில் ஐந்துக்குப் பிடித்துவிட்டது.
மண்ணில் கிடந்தது மழைத்துளியோடு தெறித்து
இலைக்கு ஏறியிருக்கிறது.
சருகு போட்டு மண்ணை மூடியிருக்க வேண்டும்.
மூடவில்லை. டபுள் டியூட்டி.

நான் ஸ்டான்லியில் கருவி அவிக்கும் பிரிவு.
எத்தனை டிகிரி, எத்தனை நிமிஷம் என்று
தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.
எது மஞ்சள் பைக்கு, எது சிவப்புக்கு என்று
பயிற்சிக்கு வரும் பிள்ளைகளைத் திட்டியிருக்கிறேன்.
ஆனாலும் முதல் செடியை வெட்டிய கத்தரிக்கோலைத்
துடைக்காமல் அடுத்ததற்குக் கொண்டுபோனேன்.
வீடென்றால் கை மறந்துவிடுகிறது.
பிறகுதான் ஸ்பிரிட், பஞ்சு.

துணி எடுக்க வந்த எமெல்டா
"இன்னாத்துக்கு இம்மாம் பாடு?
குப்பை வண்டி வந்தா தூக்கித் தூரப் போடு" என்றாள்.

மணியடித்துக்கொண்டு வரும் பேட்டரி வண்டி
எங்கே போகும்?
கைப்பிடிச் சுவரில் சாய்ந்தால் தெரிகிறது
கொடுங்கையூர் மேடு, பருந்துகள்.
கோடையில் அது எரிந்தால்
இருமுவது இந்த பிளாக்.
தூரப் போடு என்று ஊரே சொல்கிறது.
ஊருக்குத் தூரம் நாங்கள்தான்.

உர டிரம்மிலும் போட முடியாது.
வெங்காயத் தோலும் டீத்தூளும் கிடக்கும் சின்ன டிரம்
வெதுவெதுப்போடு நின்றுவிடும்.
கொல்லாது.

வேரோடு பிடுங்கி, விரல் நீளம் நறுக்கி,
காம்படியில் குழி விழுந்த காய்களையும் சேர்த்து,
உதிர்ந்ததை ஒவ்வொன்றாய்ப் பொறுக்கி,
ஒரு சொம்பு தண்ணீர் தெளித்து,
கறுப்புப் பையில் இறுக்கிக் கட்டி
தண்ணீர்த் தொட்டிக்குத் தெற்கே வைத்தேன்.

மார்கழி வெயில் அதற்கு உறைக்கவில்லை.
தையில் லேசாக வியர்த்தது.
பங்குனி வர வேண்டும்,
செருப்பில்லாமல் மாடியில் நிற்க முடியாத பங்குனி.
அப்போதும் தக்காளிக்குப் போட மாட்டேன்.
கத்தரி, மிளகாய்க்கும் கூடாது, ஒரே வம்சம்.
எமெல்டாவின் கறிவேப்பிலைக்குப் போடுவேன்.
அவளிடம் சொல்ல மாட்டேன்.

மிச்சமிருக்கும் இரண்டில் ஒன்று பூத்திருக்கிறது.
அதை அதிகம் பார்ப்பதில்லை.
மதிய டியூட்டிக்குக் கிளம்புமுன்
பையைத்தான் புறங்கையால் தொட்டுப் பார்க்கிறேன்,
பிள்ளையின் நெற்றியைத் தொடுவதுபோல.

காய்ச்சல் இன்னும் போதாது.