பின் பலகை

ஃபாரோ தீவுகளில், ஏப்ரல் மாதம்,
விடிகாலை ஐந்து மணிக்குக் கடல் இன்னும் கடலாகவில்லை.
கறுப்பாக ஏதோ மூச்சு விடுகிறது, அவ்வளவுதான்.

படகுக் கொட்டகையின் தகரக் கதவில்
ஆறு பெயர்கள், பிப்ரவரியில் நான் சாக்பீஸால் எழுதியவை:
ரன்வா, துரித், மார்யுன், பியர்க், சுன்னுவா.
கடைசியில் எல்ஸ்பா. பதின்மூன்று வயது.
கையுறை வேண்டாமென்று முரண்டு பிடித்து
முதல் நாளே நாலு கொப்புளம் வாங்கியவள்.

அன்றைக்கு நான் பேசினேன். நன்றாகவே பேசினேன்,
ஞாயிறு பள்ளிக்கென்று வைத்திருக்கும் குரலில்.
ஆம் என்றால் அது ஆமாகவே இருக்கட்டும்;
நம்மை ஒப்புக்கொடுத்த பிறகு
மழை பெய்கிறதா என்று ஜன்னலைப் பார்க்கக் கூடாது என்றேன்.
துரித் கையைத் தூக்கினாள்.
"கலப்பையில் கை வைத்தவன் பின்னால் பார்க்கக் கூடாதாமே,
போன வாரம் போதகர் சொன்னார்.
நாம் பின்னால் பார்த்துக்கொண்டுதானே
துடுப்பே போடுகிறோம்?"
எல்லாரும் சிரித்தார்கள்.
"காற்று திரும்புகிறது, படகை இறக்குங்கள்" என்றேன்.
பதில் தெரியாதவர்களுக்குத்தான்
கர்த்தர் எங்கள் ஊர் வானிலையைப் படைத்தார்.

மார்ச்சில் சுன்னுவா கால்பந்துக்குப் போனாள்.
பியர்க்கின் அம்மாவுக்கு டென்மார்க்கில் வேலை கிடைத்தது.
மார்யுன் ஒன்றும் சொல்லவில்லை;
கடையில் என்னைக் கண்டால்
ரொட்டி விலையை உற்றுப் பார்க்கிறாள்.
ஆறு துடுப்புப் படகுக்கு மூன்று பேர்.
ஆமென் வராத ஜெபம்.

ஏழு மணிக்கு எனக்கு மீன் ஆலையில் ஷிஃப்ட்.
விரல் இடுக்கெல்லாம் சால்மன் வாடை, ஐஸ்.
ஒரு ராத்திரி போனில் தட்டினேன்:
இந்த வருஷம் படகு இல்லை, பிள்ளைகளே, மன்னியுங்கள்.
அனுப்பவில்லை. அழிக்கவும் இல்லை.
காலையில் கொட்டகையைப் பூட்டிச்
சாவியைத் துறைமுக அலுவலகத்தில் போட்டுவிடலாமென்று போனேன்.

கதவு திறந்து கிடந்தது.
படகைக் காணோம்.

வயிற்றில் ஒரு கல் விழுந்தது.
அப்புறம் பனிமூட்டத்துக்குள்ளிருந்து ஒரு குரல்:
ஒன்று... இரண்டு... ஒன்று... இரண்டு...
எல்ஸ்பா எண்ணினால் இரண்டுக்கு மேல் போகாது.

ஒரு பக்கம் இரண்டு பேர், மறுபக்கம் ஒருத்தி.
படகு எப்படி நேராகப் போகும்?
வாலைத் துரத்தும் நாய்க்குட்டி மாதிரி
அலைத்தடுப்புக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருகிறது.
அவர்களோ ராஜ்யத்துக்கே போகிறவர்கள் போல
முதுகை வளைத்து இழுக்கிறார்கள்.
மூன்று முகமும் ஒரே திசையில்:
பின் பலகையில்.
சுக்கான்காரி உட்காரும் இடம்.
என் இடம். காலி.

துரித்தே, இரண்டு மாதம் கழித்துச் சொல்கிறேன்:
நீங்கள் பின்னால் பார்க்கவில்லை.
போகிற வழியைப் பார்க்க வேண்டிய ஒருத்தியின்
முகத்தைப் பார்க்கிறீர்கள்.
அவள் அங்கே இல்லாதபோதும்.

இதை நான் சொல்லவில்லை. தொண்டை ஒத்துழைக்கவில்லை.
இறங்குதுறைப் படியிலிருந்து குதித்தேன்,
தப்புக் கணக்கு, இடுப்பு வரை தண்ணீர்.
"பேதுருவும் இப்படித்தான் குதித்தார்" என்றேன்,
பல் கிடுகிடுக்க.
"அவர் ரப்பர் பூட்ஸ் போட்டிருக்கவில்லை" என்றாள் ரன்வா,
என் சட்டைக் காலரைப் பிடித்து உள்ளே இழுத்தபடி.

சுக்கானை ஒரு விரல் சாய்த்தேன்.
மூன்று துடுப்போடு
படகு நேராகப் போயிற்று.
மெதுவாக. ரொம்ப மெதுவாக.
ஒரு நீர்க்காகம் எங்களை முந்திக்கொண்டு போனது.

ஜூலைப் பந்தயத்தில் என்ன ஆகும், தெரியாது.
ஷிஃப்டுக்கு நாற்பது நிமிஷம் தாமதம்.
படகை ஏற்றிவிட்டுக் கதவைச் சாத்தும்போது
எல்ஸ்பா என் பையில் கைவிட்டு சாக்பீஸைத் தேடினாள்.
ஆறு பெயருக்கும் கீழே எழுதத் தொடங்கினாள்.
அங்கே என் பெயர் இல்லையென்று
அதுவரை எனக்குத் தோன்றவே இல்லை.

சாக்பீஸ் நனைந்திருந்தது.
ஹெர்போர்க் என்பதில்
"ஹெர்" மட்டும்தான் பதிந்தது.