எண்பது குதிரை

சிலிம் ரிவர் ரயில் கேட்டுக்கு இந்தப் பக்கம்
புல்வெட்டி, ரம்பம், மருந்துப் பம்பு
பழுது பார்க்கும் கடை என்னுடையது.
பலகையில் 'தவமணி எஞ்சின்' என்று மட்டும் இருக்கும்.

மில்லில் பாய்லர் பார்க்கும் ஞானசீலன்
வெள்ளிக்கிழமை மத்தியானம் வேனில் கொண்டுவந்து இறக்கினான்
இரண்டடுக்குச் சிறகு வைத்த ஒன்றை.
கோழிக்கூண்டு என்றுதான் முதலில் நினைத்தேன்.

"கொத்ரோன் ஜி மூன்று" என்றான்.
"பிரெஞ்சுக்காரன் முதல் யுத்தத்தில் வேவு பார்த்தது.
அசலில் ஐந்தில் ஒரு பங்கு."

நடுவில் ஆள் குந்த ஒரு குளியல்தொட்டி,
வாலைப் பிடித்திருக்க நாலு கம்பு.
வாழையிலை போல் வளைந்து கொடுத்தது
சிறகின் பின்னோரம்.
கம்பியை இழுத்தால் சிறகே முறுகும்,
அப்படித்தான் சாயுமாம், திரும்புமாம்.

"எஞ்சின் எங்கே?"
"அதுக்குத்தானே வந்தேன்."

அசலுக்கே ஒரு எஞ்சின் போதவில்லையாம்.
நோம், லெ ரோன், கிளெர்ஜே,
மூன்றும் எண்பது குதிரை.
பிறகு அன்சானி, இன்னும் கொஞ்சம் கூட.
முதல் மூன்றிலும் தண்டு அசையாது.
தண்டை விமானத்தோடு முடுக்கிவிட்டால்
சிலிண்டர் அத்தனையும் விசிறியோடு சேர்ந்து சுற்றும்.

இருபத்தாறு வருஷமாக எஞ்சின் பிரிக்கிறேன்.
வரைந்து காட்டு என்றேன்.
பில் புத்தகத்தின் முதுகில் வரைந்தான்.
ஆமாம்.
தேர் நிலையில் நிற்க
ஊர் சுற்றி வருகிற மாதிரி.

அது குடித்தது விளக்கெண்ணெய்.
பெட்ரோலோடு ஒட்டாத எண்ணெய்,
உள்ளே போனது அப்படியே வெளியே தெறிக்கும்
ஓட்டுபவன் மீசையில், உதட்டில்.
தரையிறங்கியதும் அவன் எங்கே ஓடியிருப்பான் என்று
யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டாம்.
மூக்கைப் பிடித்து ஊற்றப்பட்டு வளர்ந்தவர்கள்தானே.

அன்சானி அப்படியில்லை.
நின்ற இடத்தில் நின்று தண்டைச் சுற்றும்.
எனக்கு அதைத்தான் பிடித்தது.
ஞானசீலனுக்கு வருத்தம்.

புல்வெட்டி எஞ்சினைப் பொருத்தினோம்.
தோட்டத்துப் பந்துத் திடலில்
கோடு தாண்டி ஓடி, தும்மி, நின்றது.
அடுத்த வாரம் ரம்பத்து எஞ்சின்:
எழும்பிய வேகத்தில் இடப்பக்கம் சாய்ந்து
கோல்கம்பத்தில் கீழ்ச்சிறகை விட்டது.
பதினோரு நாள் பிரம்பு சீவினான், பட்டு ஒட்டினான்.
பேசவே இல்லை.

சக்கரத்தை அச்சோடு சுற்றியிருந்தது ரப்பர் கயிறு.
அசலிலும் அப்படித்தானாம்.
அந்த ரப்பர் எங்கிருந்து போயிருக்கும்?
அவனுக்குத் தெரியவில்லை.
பிரேசிலாக இருக்கலாம், காங்கோவாக இருக்கலாம்,
செம்பனை வருவதற்கு முன்
இந்தத் திடலைச் சுற்றி நின்ற கித்தா மரமாகவும் இருக்கலாம்.
விடியுமுன் யாரோ வெட்டிய பட்டை,
யாரோ சுமந்த வாளி.
எந்தக் கணக்கிலும் எழுதாத பால்.
முடிச்சை இன்னும் ஒரு சுற்று இறுக்கினேன்.

மூன்றாவது, மருந்துப் பம்பு எஞ்சின்.
முதுகில் சுமந்து களைக்கொல்லி அடித்தபோது
பாதி நாள் இருமிக்கொண்டிருந்தது அது.
கார்புரேட்டரைக் கழுவி, ஒரு சல்லடை மாற்றி,
மரவிசிறியைப் பூட்டிவிட்டேன்.

பறந்தது.

வேகம் ஒன்றுமில்லை,
சைக்கிளில் ஒருவன் கூடவே வந்திருப்பான்.
மேல்சிறகில் வெயில், கீழ்ச்சிறகில் அதன் நிழல்.
ரொஃபிகுல் போனில் பிடித்தான், ஊரில் தங்கைக்கு அனுப்ப.
நான் காதால்தான் பார்த்தேன்:
ஏழு நிமிஷம், ஒரு தப்படி இல்லாத சத்தம்.
எட்டாவது நிமிஷம் பெட்ரோல் தீர்ந்து
பனைவரிசைக்குள் சறுக்கி
ஒரு மட்டையில் போய் உட்கார்ந்தது, கொக்கு மாதிரி.

ரொஃபிகுல் பழம் வெட்டும் நீளக்கழியைக் கொண்டுவந்தான்.
நாளெல்லாம் குலை விழுத்தும் அரிவாள்,
ஒரு நூல் அறுக்காமல்
அதைக் கொக்கியில் ஏந்தி இறக்கியது.

பில்லில் கூலி நூற்றிருபது ரிங்கிட் என்று எழுதினேன்.
பணத்தை எண்ணிக்கொண்டே கேட்டான்:
"சுற்றுகிற எஞ்சின் ஒன்று செய்ய முடியுமா?"
முடியாது என்றேன்.

சாயங்காலம் மளிகைக் கடையில்
விளக்கெண்ணெய் ஒரு போத்தல் கேட்டேன்.
"வயிறு சரியில்லையாக்கா?" என்றாள் கடைக்காரி.