குறிவிளக்கம்

முதல் பதிப்பு நானூற்றுப் பன்னிரண்டு மெகாபைட்.
லோகேந்திரனின் கைப்பேசியில்
வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.
அதற்குள் அவன் பசியாறி வந்து
மோட்டாரைத் துடைத்து
பூங்காவின் கேட்டையும் திறந்துவிட்டான்.
"கல்லு இன்னும் வரலையா?" என்றான்.
கல் வந்து முப்பது கோடி வருஷம்.
என் கோப்புதான் வந்து சேரவில்லை.

எடையைக் குறைத்தேன்.
வானிலிருந்து எடுத்த படங்களைக் கழற்றினேன்
சீப்பால் வாரியதுபோல் கிடந்த செம்பனை வரிசைகளோடு.

இரண்டாவது திறந்தது.
குன்றைத் தொட்டால் எழுந்து நின்றது என் வாக்கியம்:
மேல் பேலியோசோயிக் காலப் படிகச் சுண்ணாம்புக்கல்.
எழுத்துக்கூட்டி முடித்துவிட்டுக் கேட்டான்,
"வழுக்குமா, வழுக்காதா?"
அதற்கென்று ஒரு கட்டம்
என் அட்டவணையில் இல்லை.

குன்றின் அடியில் நாசி லெமாக் விற்கும் காக் ரொஹானா
ஒன்றே ஒன்று கேட்டார்:
எந்தப் பக்கம் கல் விழும்?
வெடிப்புகளின் சாய்வைக் கோணமானியால்
இருநூறு இடத்தில் அளந்தவள் நான்.
அவர் மேசைக்கு நேர் மேலே அளக்கவில்லை.
மறுநாள் ஏணியோடு போனேன்.

அப்புறம் நிறங்கள்.
சிவப்பு கருங்கல், பச்சை வண்டல்,
இடையில் நிலப்பிளவு.
லோகேந்திரனின் விரல் அதைக் கடந்துபோனது
அங்கே ஒன்றுமே நடக்காததுபோல.
"ரெண்டும் ஒண்ணுதானே?"
பிறகு, சாவிக்கொத்தைத் துழாவியபடி,
"எனக்குச் சிவப்பும் பச்சையும் பிரியாது.
சாலை விளக்குல மேல எரிஞ்சா நிப்பேன்.
ஆபீஸ்ல சொல்லிடாதீங்க."

சொல்லவில்லை.
அன்றிரவு விடுதி அறையில்
கருங்கல்லுக்குச் சிலுவைக் குறிகள் இட்டேன்,
வண்டலுக்குப் புள்ளி,
சுண்ணாம்புக்கல்லுக்குச் செங்கல் அடுக்கு.
பழைய அச்சுப் படங்களில் எல்லாம் இருந்தவைதான்.
நிறம் மலிவானதும்
நாங்கள் மறந்துவிட்டவை.

காலையில் பிளவைக் கண்டுபிடித்தான்.
கண்டுபிடித்த விரல் நிற்கவில்லை,
வேலியைத் தாண்டி
தன் வீடிருக்கும் மூணாங்கட்டைப் பக்கம் இழுத்தது.
வெள்ளை.
"தோட்டத்துக்கு அடியில கல்லே இல்லையா?"

என் ஒப்பந்தம் வேலியோடு முடிகிறது.
கல்லுக்கு அது தெரியாது.
லயத்துக் கால்வாய், கோயில் கிணறு,
பழைய ஈய லம்பத்தின் குட்டை
மூன்றையும் போய்ப் பார்த்துவிட்டு
ஒரு விரலகலம் நீட்டினேன்,
உடைந்த கோட்டால்.
நிச்சயமில்லாத இடத்தில்
கோட்டை உடைத்துப் போடுவதுதான் எங்கள் வழக்கம்.
"உடைஞ்சிருக்கே" என்றான். ஆமாம் என்றேன்.

ஏழாவது பதிப்பு குகைக்குள்
சிக்னல் இல்லாமலே திறந்தது.
ஆற்றுக்கும் ஊருக்கும் நத்தையின் பெயர்,
சுங்கை சிப்புட்.
ஈரச் சுவரில், முழங்கால் உயரத்தில்,
கல்லாகிப்போன ஒரு சுருள்.
நான் லத்தீன் பெயரைத் தேடிக்கொண்டிருந்தபோது
அவன் அங்கே ஒரு புள்ளி குத்தி
தட்டச்சு செய்து முடித்திருந்தான்:

நத்தை.
தொடாதீங்க.
இந்த இடம் வழுக்கும்.