இடிந்தபடி கட்டியது

தண்டையார்பேட்டையில்
கன்டெய்னர் லாரிகள் நாள்முழுக்க நிற்கும் சாலைக்குப் பின்னால்
ஒரு கோட்டை இருக்கிறது.
யாரும் முற்றுகையிட்டதில்லை.
ஆயிரத்து எண்ணூற்றுப் பதினொன்றில்
துபாஷ் சேஷையா
அதை இடிந்தபடியே கட்டினார்.

கம்பெனித் துரை காட்டிய படத்தில்
ஏதோ ஒரு சீமைப் பிரபுவின் பூங்கா:
வளைந்த ஏரி, மேயும் ஆடுகள்,
குன்றின்மேல் பாழடைந்த கோபுரம்.
எனக்கும் ஒன்று, என்றார் சேஷையா.

குன்றுக்கு உப்பளத்து மண்.
ஏரிக்குக் கால்வாயிலிருந்து வாய்க்கால்.
பாழ்தான் வரவில்லை.
நேராகவே கட்டிப் பழகிய கொத்தனார்கள்
மூன்று முறை நன்றாகக் கட்டிவிட்டார்கள்.
மூன்று முறையும் திட்டு வாங்கினார்கள்.

செல்லரித்த கணக்கில் இருக்கிறது:
விரிசல், பெரியது, ஒன்றுக்கு வராகன் பதினெட்டு.
ஜன்னல், பாதி, வராகன் ஒன்பது.
அரசங்கன்று, உச்சியில் நட, பணம் இரண்டு.

நான் மாநகராட்சியில் உதவிப் பொறியாளர்.
கையில் உத்தரவு: பழைய நிலைக்கு மீட்டெடுக்கவும்.
எத்திராஜுலு மேஸ்திரி
கரணையைத் திருப்பிப் பிடித்துச் சுவரைத் தட்டினார்.
"எந்த வருசத்து இடிசல் மேடம் வேணும் உங்களுக்கு?"

"இத பாருங்க, செஞ்ச விரிசல்.
உள்ளாற சுண்ணாம்பு பூசி ஓரம் வழிச்சிருக்கான்.
இது தானா வந்தது. செங்கல்லே பொளந்திருக்கு."

தானாக வந்ததை அடைக்கவும்,
செய்ததைப் பாதுகாக்கவும்
என்று கோப்பில் எழுதினேன்.
எழுதியதை இன்னொரு முறை படித்தேன்.

பிறகு பின்பக்கம் போனோம்.
கோட்டைக்குப் பின்பக்கம் கிடையாது.
துபாஷின் மாடியிலிருந்து தெரிகிற இரண்டு சுவர், அவ்வளவுதான்;
மறுபுறம் பூச்சுகூட இல்லை.
அதில் முதுகைச் சாய்த்துப் பதினாறு வீடுகள்.
பிலோமினாவுக்கு மூன்று சுவர் தகரம்,
நாலாவது கோட்டை.
தானாக வந்த விரிசலில்
ரேஷன் அட்டை, மெழுகுவர்த்தி,
மகன் கால்பந்தில் வாங்கிய பதக்கம்.
"இத அடைச்சுட்டா அட்டைய எங்க வெக்கிறது?" என்றாள்.
பதிலுக்கு நான் டேப்பை இழுத்து
எதையோ அளந்தேன்.

வரைபடத்தில் அந்த இடம் புல்வெளி.

கணக்கின் அதே பக்கத்தில், அடியில்:
குப்பத்துக் குடிசை இருபத்திரண்டு,
பார்வைக்கு மறைப்பு,
எடுக்க, வராகன் நாலு.

ஒரு விரிசலைவிடச் சல்லிசு.

என் டெண்டரிலும் ஒரு வரி வருகிறது,
'இடையூறுகள் அகற்றல், மொத்தமாக.'
தொகைக் கட்டம் காலி. நான்தான் நிரப்ப வேண்டும்.

சாயங்காலம் காற்று திரும்பி
மணலி நாற்றத்தைக் கொண்டுவந்தது.
மாடி இருந்த திசையில் இப்போது ஒரு குடோன்,
ஜன்னலே வைக்காதது.
அங்கிருந்து பார்க்க ஒருவரும் இல்லை.
பார்வை மட்டும் இன்னும்
வரைபடத்தில் புள்ளிக்கோடாய்ப் புறப்பட்டு
பிலோமினாவின் அடுப்பைக் குறுக்கே வெட்டிக்கொண்டு
சுவர்வரை போகிறது.