அறுநூற்றுப் பதின்மூன்று

முதலில் தெருவிளக்குகள்தான் வந்தன.
வீடில்லை, மதிலில்லை,
குரைக்க ஒரு நாய்கூட இல்லை.
மாலை ஆறானால்
நாற்பத்தெட்டு விளக்குகள்
யாருக்கென்று தெரியாமல் எரியும்.

பர்க்காவிலிருந்து உள்ளே முப்பது கிலோமீட்டர்.
குலுக்கலில் பெயர் விழுந்தவர்களுக்கு
ஆளுக்கு அறுநூறு சதுர மீட்டர் சரளை.

நான் ப்ரிசம் கோல் பிடிப்பவன்.
தூரத்தில் கருவிக்குப் பின்னால்
ரெஜி சார் ஒற்றைக் கண்ணை மூடுவார்.
இடது, இன்னும் இடது, ஒரு நூல் வலது
என்று வாக்கி டாக்கி இழுத்துப்போய் நிறுத்தும் இடம்
ஒருவருடைய நிலத்தின் மூலை.
அப்படி நின்று நின்று
இரண்டாயிரத்துச் சொச்சம் மூலைகள்.
ஆணி இறக்கி, தலையில் சிவப்பு பெயிண்ட் அடித்து
நகர்ந்துவிடுவேன்.

அந்தப் பெண் வியாழன் மாலைகளில் வருவாள்,
மடக்கு நாற்காலியும் கஹ்வா ஃபிளாஸ்க்குமாக.
பெயர் துரையா.
எங்கள் பக்கம் மீசை வைத்த பெயர்.
கார்த்திகை நட்சத்திரக் கூட்டம் என்று
அவளே மேலே கை காட்டிச் சொன்னாள்.
அறுநூற்றுப் பதின்மூன்றின் நடுவில்
நாற்காலியை விரித்து
வராத சுவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஒருநாள் என்னைக் கூப்பிட்டாள்.
இங்கே நில், நீதான் கதவு.
நின்றேன்.
என்னைத் தாண்டி உள்ளே போனாள்.
இது சமையலறை, இது மகன் அறை,
இங்கே நில், நீ இப்போது ஃப்ரிட்ஜ்.
திரும்பிப் போகும்போதும்
கதவிருந்த இடம் வழியாகத்தான் போனாள்.

அவளுக்குத் தெரியாதது ஒன்று இருந்தது.
வரைபடத்தில் ஒரு நீலப் புள்ளிக்கோடு
பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று வழியாக இறங்கும்.
எண் இல்லாதது அது மட்டும்தான்.
காட்டாற்றை இங்கே வாதி என்பார்கள்.
தமிழில் அது வழக்குப் போட்டவன் பெயர்.
ஒன்பது வருஷமாய் வாய்தாவுக்கு வரவில்லை,
தள்ளுபடி என்றார் ரெஜி சார்.
ஆனால் மற்ற மனைகளில் கற்கள் முனை உடைந்தவை.
அவளுடையதில் எல்லாம் உருண்டை.

சொல்லிவிடத்தான் நினைத்தேன்.
என் அரபியில் உள்ளவை
சாயா, சம்பளம், நாளைக்கு, இடது, வலது.
தரையைக் காட்டி ‘மாய்’ என்றேன்.
பாவம், தாகம் போல என்று
பாட்டில் திறந்து
ஒரு கோப்பை தண்ணீர் நீட்டினாள்.
குடித்தேன். வேறென்ன செய்ய.

அன்றிரவு படுக்கையில்
கோமளா அனுப்பிய படத்தை மறுபடி திறந்தேன்.
ஸ்ரீபெரும்புதூர் தாண்டி ஆயிரத்து இருநூறு சதுர அடி,
தவணை இன்னும் முப்பத்தொன்று பாக்கி.
மஞ்சள் கல், அதன்மேல் அவள் கை.
இரண்டு விரலால் பெரிதாக்கினேன்.
கல்லுக்குப் பின்னால் கோரைப்புல்.
இன்னும் பெரிதாக்கினால்
வெள்ளையாய் ஒன்று.
பிளாஸ்டிக் பையாக இருக்கும்.
ஒற்றைக்காலில் நிற்கிற பிளாஸ்டிக் பை.

பிப்ரவரியில் ஒரு ராத்திரி
மலைப்பக்கம் இடித்தது.
விடிவதற்குள் வாதி ஆஜர்.
நாற்பத்தெட்டில் ஒன்பது விளக்கு
தண்ணீருக்குள் நின்று எரிந்ததாக
காவலாளி பூட்டோ சொன்னான்.
ஆணிகளை எண்ணுவதை மதியம் விட்டுவிட்டோம்.

வியாழக்கிழமை வந்தாள்.
கரையில் நாற்காலியை விரித்தாள், உட்காரவில்லை.
வெள்ளம் வடிந்து முழங்கால் அளவு,
அவசரமில்லாமல் போய்க்கொண்டிருந்தது.
எங்கே என் கதவு என்று கையால் கேட்டாள்.

கருவிக்கு மட்டும் எல்லாம் ஞாபகம் இருக்கிறது,
மில்லிமீட்டர் சுத்தமாக.
பூட்ஸைக் கழற்றி இறங்கினேன்.
இடது, இன்னும் இடது, ஒரு நூல் வலது.
நின்றேன், கோலைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு.
காலுக்கடியில் உருண்டைக் கற்கள்
ஒவ்வொன்றாய் நழுவிக்கொண்டிருந்தன.

அவள் ஏதோ சத்தமாகச் சொன்னாள்.
சிரிப்பா, திட்டா, தெரியவில்லை.
நீளமான வாக்கியம்.
அதில் எனக்குப் புரிந்தது
ஒரே ஒரு சொல்.