மூன்றாவது அடியாள்

முதுநகர் துறைமுகத்தில் பாழடைந்த உப்புக் கிடங்கு.
காலை ஆறு மணிக்கே கால்ஷீட்.
எனக்கு வசனமில்லை, பெயருமில்லை,
ஹீரோவிடம் அடி வாங்கும் வரிசையில்
மூன்றாவது ஆள்.

டூப் போடுகிறவன் புதுச்சேரி அந்துவான்.
முத்தியால்பேட்டை மொட்டை மாடியொன்றில்
கப்போயிரா கற்றவன்.
கையைத் தரையில் ஊன்றுகிறான்,
உடம்பு தலைகீழாய்ச் சுழல்கிறது,
குதிகால் என் மூக்குக்கு ஒரு விரற்கடை முன்னால்
காற்றைச் சீவிப் போகிறது.

"படலையே" என்கிறார் மாஸ்டர்.
"படாம இருக்கிறதுதான் சார் ஆட்டம்.
நான் சுத்துவேன், அவர் குனியணும்.
அப்புறம் அவர் சுத்துவார்."
"அடியாளு எதுக்குய்யா சுத்தணும்?"

சாப்பாட்டு இடைவேளையில்
சுரைக்குடுக்கை கட்டிய ஒற்றைக்கம்பி வில்லை
எடுத்துவந்து தட்டினான்.
டொய்ங். டொய்ங்.
பிரேசிலில், கரும்புக் கொல்லையில்,
விலங்கு பூட்டப்பட்டவர்கள்
எசமான் பார்க்கையில் நடனமாக்கிக்கொண்ட சண்டை
என்றான்.
கரும்புக் கொல்லை என்றதும்
எனக்கு நெல்லிக்குப்பம்தான் தெரிந்தது.
லைட்மேன்கள் வட்டம் கட்டிக் கைதட்ட
சாம்பார் கையோடு உள்ளே போனேன்.
அவன் கால் வந்தது, குனிந்தேன்.
என் கால் போனது, குனிந்தான்.
பதினெட்டு வருஷத்தில் முதல்முறையாக
யாரும் விழவில்லை.

அப்புறம் மாஸ்டர் சொன்னபடி
மூன்று டேக் வாங்கினேன்.

திருப்பாதிரிப்புலியூர்த் தியேட்டரில் படம்.
ஒரு சுழலை ஏழு துண்டாய் வெட்டியிருந்தார்கள்,
குதிகால் பட்ட இடத்தில் இடிச்சத்தம்.
சுவரை உடைத்துக்கொண்டு போனேன்,
விசில் பறந்தது.

பாப்கார்னை மடியில் வைத்துக்கொண்டு
மகள் இருட்டில் கேட்டாள்:
"குனிஞ்சிருக்கலாம்ல?"