முன் சீட்டு

பத்தொன்பது வருஷம்
இந்த மலைக்கு முதுகைக் காட்டித்தான் ஏறினேன்.
ஜீப்பின் பின்கதவோரம், ஸ்டெப்னி இடிக்கிற இடம்.
அங்கே உட்கார்ந்தவளுக்கு
ரோடு என்பது
எப்போதும் விலகிப்போவது.

கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்வேன்:
வலது முட்டி சுருளியம்மா இடுப்பில் இடித்தால்
மூணாவது வளைவு.
தூக்குவாளிகள் எல்லாம் ஒருபக்கமாகச் சரிந்தால்
உடைந்த கைப்பிடிச் சுவர்.
காது அடைத்துத் திறந்ததும்
ஏலக்காய் மணக்கும்.
ஏலக்காய் இல்லை,
ஏலக்காய்க்கு அடித்த மருந்து.

செக்போஸ்ட்டில் தவமணி
"தலை பதினாலு" என்பான்.
அதில் நான் எத்தனையாவது என்று
நானும் கேட்டதில்லை.

கம்மல் கூட்டுறவு வங்கியில் இருக்கிறது.
மிச்சத்துக்குத் தண்டல்.
நெடுங்கண்டத்து வர்க்கிச்சன் விற்ற பழைய கமாண்டர்;
இடதுகதவு கயிற்றில் நிற்கிறது,
ஹேண்ட் பிரேக் பேருக்கு இருக்கிறது.
நெற்றியில் மலையாளத்தில் ஏதோ எழுதியிருக்கிறது.
அழிக்கப் பெயிண்டுக்குக் காசில்லை.
என்னவென்று யாரிடமும் கேட்கவும் இல்லை,
நல்ல வார்த்தையாகத்தான் இருக்கும்.

உத்தமபாளையத்தில் எட்டுப் போட்டபோது
மூன்று தரம் கம்பியைத் தட்டினேன்.
நாலாம் தரம்
இன்ஸ்பெக்டருக்கே அலுத்துப்போனது.

தைரியம் எப்படி வந்தது என்கிறார்கள்.
அது வரவில்லை.
முதல் தவணைத் தேதிதான் வந்தது.

விடிகாலை நாலே முக்கால், கம்பம் சிக்னல்.
"ஒச்சம்மா ஓட்டுறாளாம்,
இன்சூரன்ஸ் போட்டுட்டு ஏறுங்கத்தா!"
தவமணி சொல்லி முடிக்கும் முன்பே சிரித்தார்கள்,
நேற்றுவரை என் வெற்றிலையை வாங்கிப் போட்டவர்கள்.
ஒவ்வொருத்தியாக என் வண்டியை எட்டிப் பார்த்து
அவன் வண்டியில் ஏறினார்கள்.
வெள்ளைத்தாய் மட்டும்
தலையைக் குனிந்துகொண்டு ஏறினாள்.

சுருளியம்மா வந்தாள்.
என்னை நம்பி இல்லை.
பின்னால் உட்கார்ந்தால் அவளுக்குக் குமட்டும்.
"முன் சீட்டு சும்மாத்தானே கிடக்கு" என்றாள்.

ஏழாவது வளைவில் எதிரே சிமெண்டு லாரி.
நிறுத்தினேன்.
எஞ்சின் அணைந்தது.
வண்டி ஒரு சாண் பின்னால் உருண்டது.
அந்த ஒரு சாணுக்குள்
மகளின் காலேஜ் ஃபீஸ்,
கம்மல் ரசீது,
கீழே கம்பத்து விளக்குகள் அத்தனையும்
கண்ணுக்குள் வந்து நின்றன.
சுருளியம்மா தலையை வெளியே நீட்டி
வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள்.
வாயைத் துடைத்துக்கொண்டு
"நல்லவேளை நிப்பாட்டுன" என்றாள்.

சாவியைத் திருப்பினேன்.
கிளட்சைப் பாதி விட்டேன்.
ஏறவும் இல்லை, சரியவும் இல்லை,
நின்ற இடத்தில் வண்டி நடுங்கியது.
நடுங்குகிற இடத்தில்தான் அது பிடிக்கும் என்று
சொல்லித் தந்த பையன் சொல்லவில்லை.
பாதத்துக்குத் தெரிந்தது.

பிறகு
ரோடு என்னைப் பார்த்து வந்தது.
திராட்சைப் பந்தல் தாண்டி வளர்ந்த ஒருத்திக்கு
இத்தனை பெரிய புளியமரம்
பாதையோரம் நின்றது தெரியாது.
அதன் பின்பக்கத்தை மட்டுமே
பார்த்திருக்கிறேன்.

செக்போஸ்ட்டில் புதுப் பையன்
டார்ச்சை அடித்தான்.
"ஆளெத்ர, சேச்சி?"
"ஒன்னு."
உள்ளே குனிந்து பார்த்தான்.
"ரண்டு பேருண்டல்லோ?"
"நான் டிரைவர்."

நோட்டில் ஒன்று என்று எழுதினான்.

போகவர டீசலுக்கே காணாது.
கணக்கைச் சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம்.
தோட்டத்து வாசலில் இறங்கிய சுருளியம்மா
கயிற்றைக் கட்டிக் கதவைச் சாத்தினாள்.
ரெண்டடி போய்விட்டுத் திரும்பி வந்தாள்.

"நாளைக்கு வேற எவளாச்சும் வந்தாலும்
முன் சீட்டு எனக்குத்தான்.
சொல்லிட்டேன்."